திருப்பி ஊற்றும் உரிமை

எழுபதுகளின் தொடக்கத்தில் என் பிழைப்பு ஒரே ஒரு வாக்கியத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. என்னுடைய வாக்கியமும் இல்லை, அடுத்தவன் எழுதியது. டெல்லியில் வெளியுறவு அலுவலகத்தின் கடைக்கோடி அறை ஒன்றில், ஆயுதக் குறைப்புப் பிரிவு என்று பலகை மாட்டிய இடத்தில் நான் இளம் அதிகாரி. கிருமியையும் விஷத்தையும் போரில் யாரும் யார் மேலும் ஏவக்கூடாது என்று ஜெனிவாவில் நாடுகள் கூடிக்கூடிப் பேசிக்கொண்டிருந்த காலம். ஏவக்கூடாது என்பதில் எல்லோருக்கும் சம்மதம். சம்மதம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவரும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வாக்கியம் சேர்ப்பார்கள். "நாங்கள் முதலில் ஏவ மாட்டோம். ஆனால் எங்கள் மேல் யாராவது ஏவினால், திருப்பி ஏவும் உரிமையை வைத்துக்கொள்கிறோம்."

பார்த்தால் எவ்வளவு சமர்த்துப் பிள்ளை மாதிரி இருக்கிறது! தலை வாரி, பவுடர் பூசி, கைகட்டி நிற்கிற வாக்கியம். ஆனால் திருப்பி ஏவ வேண்டுமென்றால் சரக்கு கைவசம் இருக்க வேண்டும். சரக்கு இருந்தால் அதற்குக் கிடங்கு, கிடங்குக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவிக்கு ஒரு ஆள். அந்த ஆளுக்கு ஒரு நாள் கிறுக்குப் பிடித்தால்? இதைத்தான் நான் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போயிருந்தேன்.

வடக்கே, வருஷத்தில் பாதி நாள் பனியில் கிடக்கும் ஒரு சிறிய நாட்டின் பிரதிநிதி அந்த வருஷம் டெல்லிக்கு வந்திருந்தார். பனைமர உயரம், சுண்ணாம்பு நிறம், சிரித்தால் காது வரை சிவப்பார். பொடி எழுத்து வாக்கியத்தை முதலில் எழுதியவர்களில் அவரும் ஒருவர். அவர் அதை எடுத்துவிட்டால் பின்னால் நிற்கும் சில நாடுகளும் எடுத்துவிடும் என்பது எங்கள் கணக்கு. கூட்டம் முடிந்தது, வாக்கியம் அசையவில்லை. கிளம்பும் நேரத்தில் அவர் கேட்டார், இந்தியாவில் எங்கோ கையாலேயே பூப்போட்ட தரைக்கல் வார்க்கிறார்களாமே, தன் ஏரிக்கரை வீட்டுக்கு அந்தத் தரை வேண்டும் என்று. ஆத்தங்குடி! என் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். மேலதிகாரி என்னை அறைக்குள் கூப்பிட்டு, "கூட்டிட்டுப் போ. கல்லைக் காட்டு, சோத்தைப் போடு, என்ன வேணும்னாலும் செய். அந்த வாக்கியம் இல்லாமத் திரும்பி வந்தா அடுத்த கூட்டத்துக்கு நீ ஜெனிவா போற. வாக்கியத்தோட வந்தா, பேப்பர்ல செய்தி வெட்டி ஒட்டுற வேலை காலியா இருக்கு" என்றார்.

கத்தரிக்கோலும் பசைப் புட்டியும் கண்முன் ஆட, நான் அவரைக் கூட்டிக்கொண்டு காரைக்குடியில் வந்து இறங்கினேன். வழி நெடுக வாதாடினேன். ரயில் ஒவ்வொரு பாலத்தைக் கடக்கும்போதும் ஒவ்வொரு காரணம் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே கொக்குகளை எண்ணிக்கொண்டே, "திருப்பி அடிக்க முடியும் என்று தெரிந்தால் யாரும் முதலில் அடிக்க மாட்டார்கள் நண்பரே" என்று ஒரே பதிலைச் சொன்னார். கொக்குகளும் அவர் கட்சி போல. எல்லாம் வெள்ளை.

நான் மறந்துபோன ஒன்று உண்டு. ஊரில் அப்போது பங்குனித் திருவிழா.

எங்கள் வீட்டில் விருந்தாளி என்று ஒரு சாதி கிடையாது. வாசல் படி ஏறி வந்துவிட்டால் அவருக்கு ஒரு முறை கொடுத்தாக வேண்டும். அண்ணனா, தம்பியா, மாமனா, மச்சானா என்று தெரியாத ஒரு ஆளுக்கு எப்படிச் சோறு போடுவது, எந்தக் குரலில் "இன்னும் கொஞ்சம் வச்சுக்கிருங்க" என்று சொல்வது? முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் துரை (ஊர் முழுக்க அவரைத் துரை என்றுதான் சொன்னது) கோழிக் குழம்பின் காரத்தில் கண்ணீர் வடித்துக்கொண்டே மூன்றாம் தடவை சோறு கேட்டார். அப்பா உருகிப்போனார்.

"எனக்குக் கூடப் பொறந்த பொம்பளப்புள்ள இல்ல. இருந்து, அவளுக்கு ஒரு மகன் பொறந்திருந்தா, இப்புடித்தான் வாட்டசாட்டமா இருந்திருப்பான். இன்னையில இருந்து இவரு என் தங்கச்சி மகன். எனக்கு மருமகன்" என்றார்.

"உங்க வம்சத்துல இந்த நெறம் எங்குட்டு இருந்து வரும்?" என்றாள் அம்மா, அவர் இலையில் இன்னொரு துண்டு கறியை வைத்துக்கொண்டே.

நான் மொழிபெயர்த்தேன். துரை எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, இந்தப் பெருமையைத் தன் நாட்டின் சார்பில் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். எனக்கும் புல்லரித்தது. காரியம் கனிகிறது என்று நினைத்தேன். ஜெனிவாவின் ஏரி கண்ணுக்குள் மினுங்கியது. தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினவன், விடிந்து கொட்டுச் சத்தம் கேட்டபோதுதான் துள்ளி எழுந்தேன். இன்றைக்கு மஞ்சத்தண்ணி!

திருவிழாவின் கடைசி நாள் எங்கள் பக்கம் முறைப்பெண்களின் ராஜ்யம். மஞ்சள் கரைத்த தண்ணீரைக் குடத்திலும் அண்டாவிலும் வைத்துக்கொண்டு, மாமன் மகன், அத்தை மகன் என்று முறையுள்ள ஆண் எவன் கண்ணில் பட்டாலும் தலையோடு ஊற்றுவார்கள். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் ஊற்றலாம், கேட்பார் கிடையாது. அண்ணன் தம்பிகள் மேல் மட்டும் ஊற்ற முடியாது. நேற்றுவரை துரை ஒரு நடுநிலை நாடு. அப்பா ஒரு கவளத்தில் அவரை எங்கள் பங்காளி வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் அத்தை மகனாக்கிவிட்டார். துரையோ டெல்லிக்குப் போட்டுப் போக வைத்திருந்த ஒரே வெள்ளை லினன் கோட்டைப் போட்டுக்கொண்டு, நேற்று வரும் வழியில் ஆத்தங்குடியில் வாங்கிய மாதிரிக் கல்லை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு, முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாட்டின் பிரதிநிதியைத் தலையோடு நனைத்து அனுப்பிவிட்டு வாக்கியத்தை எடுக்கச் சொன்னால் எடுப்பாரா?

அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, அவரை எனக்கு அண்ணன்னு மாத்திருங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு."

அப்பா கோயிலுக்குப் போகப் பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குடுத்த முறையத் திருப்பி வாங்குறதா? அது என்ன, அளவு பத்தலன்னு கடையில குடுத்து மாத்துற சட்டையா?"

ஆக, பேச்சுவார்த்தை ஒன்றுதான் வழி. பெண்கள் படையின் தலைவி என் தங்கை. அரிசி ஆலைகள் நிறைந்த புதுவயலில் வாழ்க்கைப்பட்டவள், திருவிழாவுக்கு வந்திருந்தாள். ரைஸ்மில் லாரிகளின் ஹாரனுக்கு மேலே பேசிப் பழகிய குரல். கொல்லையில், மாட்டுத்தொட்டி ஓரத்தில், மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தவளிடம் துரையை அழைத்துப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் துரைக்குக் கண் பளபளத்தது. பேச்சுவார்த்தை என்றால் அவருக்கு மூச்சு. கோட்டுப் பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்துத் தொட்டிச் சுவரில் வைத்தார்.

"முதலில் வரையறை" என்றார். "மஞ்சள் நீர் என்பது எது?"

நான் தமிழில் கேட்டேன். தங்கை அரைப்பதை நிறுத்தினாள். "மஞ்சப் போட்ட தண்ணி மஞ்சத்தண்ணி. இதுக்கு ஒரு தாளா?"

"சரி. அப்படியானால் மஞ்சளையே இந்த வீட்டில் இன்று தடை செய்யலாமா?"

"செய்யலாமே. மத்தியானம் மச்சான் வெள்ளைச் சாம்பார், வெள்ளை மீனு சாப்பிடுவாகளா? கேளுண்ணே."

துரை தலையசைத்துத் தாளில் ஏதோ குறித்தார். "ஜெனிவாவிலும் இதே சிக்கல்தான். சமையலுக்கும் உதவும், சண்டைக்கும் உதவும்." அடுத்தது சோதனை. அண்டாக்களை வெளியாள் ஒருவர் வந்து பார்க்கலாமா?

"அடுப்படிக்குள்ள ஆம்பளைய விட மாட்டோம்" என்றாள் தங்கை. ஒரு வல்லரசு சொல்வதைப் போலவே, முகத்தில் ஒரு கோடு மாறாமல்.

மல்லுக்கட்டி, சிரித்து, கோபித்து, நடுவில் எல்லோரும் மோர் குடித்து, கடைசியில் ஒரு வரிக்கு வந்தோம். இந்த வீட்டுப் பெண்கள் துரை மேல் மஞ்சள் நீர் ஊற்ற மாட்டார்கள். எனக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அப்போது துரை பேனாவைத் திறந்து, தாளின் அடியில், பொடி எழுத்தில், பழக்க தோஷம் போல எழுதினார்: "யாராவது என் மேல் ஊற்றினால், திருப்பி ஊற்றும் உரிமையை நான் வைத்துக்கொள்கிறேன்."

"வேண்டாம்" என்றேன் ஆங்கிலத்தில். "இங்கே ஆண்கள் திருப்பி ஊற்றுவதில்லை. ஓடுவோம், அவ்வளவுதான்."

"அதனால்தான் உங்கள் மேல் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள்" என்றார் துரை.

நான் தங்கையிடம் அந்த வரியைச் சொன்னேன். அவள் பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்த்தார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

"ஊத்தட்டுமே!" என்றாள் தங்கை. "திருப்பி ஊத்தணும்னா மச்சானுக்குத் தண்ணி வேணும்ல? பாவம், எங்குட்டுப் போயிக் கரைப்பாக? நாங்களே ஒரு அண்டா கரைச்சு அவுக பக்கத்துல வைக்கிறோம்."

துரை அவள் பெருந்தன்மையில் நெகிழ்ந்துபோனார். எதிரியே ஆயுதம் தந்து உதவும் நாட்டை அவர் எங்கும் பார்த்ததில்லையாம். கையெழுத்துகள் ஆயின. தங்கை பேனாவைத் தொடாமல், அரைத்த மஞ்சளில் பெருவிரலை முக்கி அழுத்தினாள்.

அண்டா வந்தது. இரண்டு பேர் தூக்கி வந்து முன்வாசல் வேப்ப மரத்தடியில் வைத்தார்கள். மேலே வேப்பிலை மிதக்க, வெயில் உள்ளே விழுந்து கலங்க, உருக்கிய பொன் மாதிரி ததும்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாற்காலி. நாற்காலியில் வெள்ளைக் கோட்டில் துரை. மடியில் பூப்போட்ட கல். தெருவில் ஆண்பிள்ளைகள் எல்லாம் மஞ்சளாகி ஓடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக உட்கார்ந்து, "பாருங்கள், ஒருத்தரும் கிட்டே வரவில்லை. இதைத்தான் ரயிலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார். கத்தரிக்கோல் மறுபடி கண்ணில் ஆடியது.

அப்போது தெருக்கோடியில் பெரியப்பா வீட்டுப் பெண்கள் வந்தார்கள்.

ஆளுக்கொரு செம்பு. செம்பில் தண்ணீர் இல்லை, வெறுஞ்செம்பு. அதனால் நான் பதறவில்லை, துரையும் எழுந்திருக்கவில்லை. நேராக வந்தார்கள். அண்டாவைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி, "மச்சான், சௌக்கியமா இருக்கீகளா?" என்றாள். அவர் பதிலுக்குக் கும்பிடக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான். அவருடைய அண்டாவிலிருந்தே மொண்டு மொண்டு, தலையில், கழுத்தில், கோட்டுக்குள், கல்லுக்கு மேல், மழை நின்ற பிறகும் மரம் கொட்டுகிற மாதிரி விடாமல் கொட்டினார்கள். துரை கல்லைத் தலைக்கு மேல் கேடயமாகப் பிடித்தார். அது தலையைக் காப்பாற்றி, தண்ணீரையெல்லாம் முதுகுப் பக்கம் திருப்பிவிட்டது.

திண்டாடி எழுந்தவர் என் தங்கையைப் பார்த்து, "ஒப்பந்தம்!" என்று கத்தினார். அவள் வாசற்படியில் சாய்ந்து நின்று, "நாங்க ஒரு சொட்டு ஊத்துனோமா மச்சான்? அவுக பெரியப்பா வீடு. அவுக கையெழுத்துப் போடவே இல்லையே" என்றாள்.

மொழிபெயர்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. துரைக்கு உரிமை வந்துவிட்டது. அவர் மரத்தடியில் கிடந்த ஒரு வாளியை எடுத்தார், அண்டாவில் மிச்சமிருந்ததை அப்படியே அள்ளினார், ஓடினார். அந்த உயரமும் அந்த ஓட்டமும்! ஒட்டகச்சிவிங்கிக்கு மதம் பிடித்தது போலத் தெருவே ஒதுங்கிக்கொண்டது. பெண்கள் கீச்சிட்டுக்கொண்டு சந்து திரும்பினார்கள். இவரும் திரும்பினார். திரும்பிய வேகத்தில், கண்ணில் மஞ்சள் வழிய, எதிரே தெரிந்த உருவத்தின் மேல் வாளியைக் கவிழ்த்தார்.

கோயிலில் முதல் மரியாதை வாங்கிக்கொண்டு, தலையில் பரிவட்டம், கழுத்தில் மாலை, கையில் தேங்காய்ப் பழத் தட்டோடு, பட்டுக்கரை வேட்டியில் அப்பா வந்துகொண்டிருந்தார்.

கொட்டு நின்றது. தட்டில் வாழைப்பழம் மிதந்தது. மாலையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. ஊரில் பெரிய மனிதர் மேல், அதுவும் மாமன் மேல், அதுவும் அம்மன் மரியாதையோடு வருகிறபோது! என் ஜெனிவா, என் வேலை, இந்த ஊரில் இனி நான் நடமாடுவது எல்லாம் சாக்கடை ஓரமாக ஓடிப் போவதைப் பார்த்தேன்.

அப்பா கண்ணைத் துடைத்தார். பரிவட்டத்தைச் சரி செய்தார். குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார், நிமிர்ந்து துரையைப் பார்த்தார். நிதானமாகக் கேட்டார்:

"மருமகனே, நான் உங்களுக்கு என்ன முறைன்னு நெனச்சு ஊத்துனீக?"

தெரு வெடித்தது. கொட்டுக்காரர் கொட்டின் மேலேயே சாய்ந்து சிரித்தார். பெரியப்பா வீட்டுப் பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவே வயிறு குலுங்கச் சிரித்து, மிதந்த பழத்தில் ஒன்றை எடுத்து உரித்துத் துரை கையில் கொடுத்தார். துரை மட்டும் சிரிக்கவில்லை. அவர் காது மஞ்சளுக்கு மேலே சிவந்து, செம்மண் நிறத்தில் இருந்தது.

தங்கை விடுவாளா? வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். "மச்சான்! ஊத்துனவுக மேல மட்டுந்தான் தண்ணி விழணும்னு அதையும் அந்தத் தாள்ல எழுதியிருக்கலாம்ல? எழுதுனா தண்ணி கேட்டுக்கிரும்!"

அதை மட்டும் நான் அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்தேன். சம்பளம் வாங்கிய காலம் முழுவதிலும் நான் செய்த நல்ல மொழிபெயர்ப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குள் வந்து, அப்பாவின் வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, துரை கொல்லைப் பக்கம் போனார். கோட்டை அம்மா சவுக்காரம் போட்டுக் கசக்க, மஞ்சள் போவதற்குப் பதில் ரத்தச் சிவப்பாகி, தொட்டி முழுக்கக் கொலை நடந்த இடம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ரயிலில் நான் சொன்ன காரணங்கள் எல்லாம் என் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை.

"நான் உங்கள் அப்பாவைக் குறிவைக்கவில்லை" என்றார் கடைசியில்.

"தெரியும்."

"நான் குறிவைத்தவள் ஓடிவிட்டாள்."

"ஆமாம்."

"என் மேல் ஊற்றியதும் என் தண்ணீர்தான்."

"அண்டா எங்களுடையது" என்றேன்.

நனைந்த பிறகு அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "தந்தி ஆபீஸ் திறந்திருக்குமா?"

வாடகைக் காரில் காரைக்குடிக்குப் போனோம். வேட்டியை இடுப்பில் நிறுத்த என் தோல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, மஞ்சள் கழுத்தும் மஞ்சள் நகமுமாகத் துரை கவுன்டரில் நின்றார். தந்திக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எந்த வீட்டுல முறை எடுத்திருக்காக?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். "உங்க தங்கச்சி வேலையா? அப்ப உசுரோட வந்ததே பெருசு" என்று படிவத்தை நீட்டினார்.

துரை தன் அரசாங்கத்துக்கு எழுதினார், திருப்பி ஏவும் உரிமை பற்றிய வாக்கியத்தை நீக்கும்படி தான் பரிந்துரைப்பதாக. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். நானும் யோசித்தேன். மஞ்சள், மாமன், பரிவட்டம் எதையும் தந்தியில் எழுத முடியாது. "களப் பரிசோதனையின் அடிப்படையில்" என்றேன். அவர் மகிழ்ந்து போய் அதையே எழுதினார். தந்திக்காரர் விரல்கள் கட்டுக் கடக் என்று தட்டத் தட்ட, ஒவ்வொரு தட்டுக்கும் எனக்குள் கத்தரிக்கோலின் திருகாணி ஒவ்வொரு சுற்றாகக் கழன்றது. துரையின் நாடு பிறகு அந்த வாக்கியத்தை எடுத்தது. எந்தக் களம், என்ன பரிசோதனை என்று ஜெனிவாவில் பலர் அவரைக் கேட்டுப் பார்த்தார்கள். ராணுவ ரகசியம் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் அந்தச் சாயங்காலம் இன்னும் முடியவில்லை. கார் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது மேற்கே ஒரு விரல் வெளிச்சம் மிச்சம் இருந்தது. தங்கை வாசலில் நின்றாள். இடுப்பில் குடம்.

"என்னண்ணே, தந்தி போயிருச்சா?"

"போயிருச்சு."

"இனிமே திருப்பி ஊத்துறதில்லன்னு எழுதிட்டாகளா?"

"எழுதிட்டாக."

"வாபஸ் வாங்க முடியாதே?"

என் வாழ்நாளின் முதல் வெற்றி. மார்பு விம்மிப் போயிருந்தது. "எப்புடி முடியும்? அரசாங்கத்துக்கே அடிச்சாச்சு" என்றேன்.

"அப்பச் சரி" என்று, குடத்தை உயர்த்தி, காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த துரையின் உச்சந்தலையில் முழுசாகக் கவிழ்த்தாள்.

துரையின் கை தானாகப் பக்கத்திலிருந்த வாளிப் பக்கம் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு அந்தக் கையைப் பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு, அசையாமல், ஒரு நாட்டின் கொடிக்கம்பம் போல நின்றார். வேட்டியிலிருந்து மஞ்சள் வழிந்து செம்மண்ணில் ஓடியது. உள்ளே அம்மா விளக்கு ஏற்றினாள்.

"உங்கள் தங்கை காலையில் கையெழுத்துப் போட்டவள்தானே?" என்று கேட்டார், மூக்கு நுனியில் சொட்டு நிற்க.

"கைநாட்டே வைத்தாள்."

"மீறினால் என்ன செய்வது என்று ஏதாவது எழுதினோமா?"

"இல்லை. அந்த இடத்துக்கு வருவதற்குள் மோர் வந்துவிட்டது."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "ஜெனிவாவிலும் அந்த இடத்துக்கு வரும்போதுதான் யாராவது காபி கொண்டு வந்துவிடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டு, வேட்டியை முறுக்கிப் பிழிந்துகொண்டு, என் தங்கை தள்ளி நின்று வழிவிட, மீன் குழம்பு வாசனை வந்த பக்கமாக உள்ளே போனார்.